ஏழாம் ரூம் செட்டு

ஏம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிட்டா நானும் உக்காந்துக்கிடுவேன். ஆங், போதும் போதும். எனக்கு இந்த இடமே தாராளம். நீயும் திருநவேலிக்குத்தான? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

என்ன, மூஞ்சியைப் பாக்கியா? வெயில்ல சிவந்ததுன்னு நினைக்காத. கோவம். வந்த கோவத்துல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்துட்டேன், ஆட்டோக்காரன் கூப்பிடக் கூப்பிட. ஒருத்தி வீட்டுக்கு, ஊரு விட்டு ஊரு வந்து, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், பூ எல்லாம் வச்சு மரியாதையாக் கூப்பிடப் போயிருக்கேன். அங்க நடந்ததைச் சொன்னா நீயே காறித் துப்புவ. என்னைன்னு சொல்லல, அவளை.

இரு, முதல்ல இருந்து சொல்லுதேன். அப்பத்தான் நியாயம் தெரியும்.

நான் படிச்சது ஒரு லேடீஸ் காலேஜ். பேரு வேண்டாம். இருபத்தஞ்சு வருசம் இருக்கும். ஹாஸ்டல்னா இப்ப மாதிரி ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு செல்போன்னு கிடையாது கேட்டியா. ஒரு ரூமுக்கு எட்டுப் பாய். நூத்தம்பது பொம்பளப் பிள்ளைகளுக்கு நாலு பாத்ரூம். அதனாலதான் செட்டு. செட்டு இல்லாம அங்க ஒருத்தி பொழைக்க முடியாது. செட்டுல ஒருத்தி விடியுமுன்ன எந்திரிச்சுப் போயி வரிசையில எட்டு வாளி வச்சிருவா. ஒருத்தி மெஸ்ஸுக்கு முன்னாலயே ஓடி எட்டுத் தட்டைப் போட்டு பெஞ்சை மறிச்சிருவா. ஞாயித்துக்கெழமைன்னா ஒருத்திக்கு ஒருத்தி எண்ணெய் தேச்சு, சிக்கு எடுத்து, பின்னி விடணும். காய்ச்சல்னா கஞ்சி கொண்டாரணும். செட்டுல இல்லாத பிள்ளைக்கு ‘உதிரி’ன்னு பேரு. உதிரியோட வாளியை யாரு வேணும்னாலும் காலால தள்ளி விட்டுட்டுப் போகலாம், கேக்க நாதி கிடையாது.

எங்களுது ஏழாம் ரூம் செட்டு. அதுக்கு நான்தான் அக்கா. வடிவக்கான்னா வார்டனே ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் எதையும் செய்வாங்க. ஜம்பம் அடிக்கேன்னு நினைக்காத, உள்ளதைச் சொல்லுதேன். எங்க செட்டுல நினைச்ச உடனே சேந்துர முடியாது. ஆடி மாசம் பூரா பாப்போம். ஊருல இருந்து வந்த பலகாரத்தைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுதாளா, வார்டன்ட்ட போயி ஓதுதாளா, எவளாவது அழுதா இவளுக்குக் கண்ணு கலங்குதா, எல்லாம் பாப்போம். பிடிச்சுதுன்னா எட்டுல ஒருத்தி. சேந்தா மூணு வருசத்துக்கு அசையக் கூடாது.

இதுல லிஸ்ட்டுப் பிள்ளைகன்னு ஒரு சாதி உண்டு. டாக்டருக்குப் போட்டிருப்பாளுக, வெயிட்டிங் லிஸ்ட்டுல பேரு நிக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு இங்க பி.எஸ்ஸி.யில வந்து ஒரு காலை ஊனிக்கிடுவாளுக. பாதியில மெட்ராஸுல இருந்து கார்டு வரும், பெட்டியைத் தூக்கிருவாளுக. நான் ரெண்டாம் வருசம் படிக்கும்போது அப்படி ஒருத்தியைத் தெரியாத்தனமாச் சேத்துட்டோம். ஹாஸ்டல் டேக்கு நாலு நாள் இருக்கு, சீட்டு வந்துட்டுன்னு போயிட்டா. நாங்க பின்னல் கோலாட்டம் போடுதோம். உனக்குத் தெரியுமோ என்னமோ, மேல இருந்து கயிறு தொங்கும், ஆளுக்கொரு கயிறைப் பிடிச்சுக்கிட்டு ஜோடி ஜோடியா ஆடணும். ஆட ஆட அது சடை மாதிரி பின்னி வரும். ஏழு பேரை வச்சு எங்கிட்டு ஆட? கயிறு பூரா சிக்கு. ஜோடி இல்லாம நடு மேடையில கோலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? நான். ஹாலே சிரிச்சுது. ஒரு டீச்சர் முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அதெல்லாம் எனக்கு மறக்குமா?

அன்னைக்குப் போட்டேன் ஒரு ரூல். இனி லிஸ்ட்டுப் பிள்ளை எவளும் செட்டுக்குள்ள வரணும்னா, அவ கைப்பட ஒரு லெட்டர் எழுதித் தரணும். மெட்ராஸ் ஆபீசுக்கு. ‘எனக்கு இடம் வேண்டாம், லிஸ்ட்டுல இருந்து என் பேரை எடுத்துருங்க’ன்னு. நம்பரு, கையெழுத்து, அட்ரஸ் எழுதி ஸ்டாம்பு ஒட்டுன கவரு, எல்லாம் வேணும். அது என் டிரங்குப் பெட்டியில அடியில கிடக்கும். லிஸ்ட்டெல்லாம் முடிஞ்ச பொறவு எட்டுப் பேரும் வட்டமா நின்னு அதைக் கிழிச்சுப் போட்டுட்டு முறுக்கு திம்போம். அம்புட்டுத்தான். ஒரு நம்பிக்கைக்கு. போடுததுக்காக வாங்குத லெட்டர் இல்லம்மா அது. பின்ன ஸ்டாம்பு எதுக்குன்னு கேக்கியா? எஸ்கலினும் இதையேதான் கேட்டா. எங்க செட்டுல ஒருத்தி, தூத்துக்குடிக்காரி, எதுக்கெடுத்தாலும் கேள்வி கேப்பா. ஸ்டாம்பு இல்லன்னா பயம் இருக்காதுல்லா?

நான் மூணாம் வருசம் படிக்கும்போது வந்து சேந்தா மங்கை. மங்கையர்க்கரசி. இன்னைக்கு நான் போயிட்டு வாரது அவ வீட்டுக்குத்தான். அவ அப்பா கம்பவுண்டர். அந்த ஊரு டாக்டர் ஒருத்தர்ட்ட முப்பது வருசமா மருந்து கலக்கிக் குடுத்துக்கிட்டு ஓரமா நின்ன மனுசன். அந்த நாற்காலியில தம் மகளை உக்கார வச்சுப் பாத்துரணும்னு அவருக்கு ஒரே வெறி. தாய் கிடையாது அவளுக்கு. அவருதான் தலை பின்னி, சோறு பொங்கி, சிலேட்டுல கையைப் பிடிச்சு எழுதப் பழக்கி வளத்தது. அவ எழுத்தைப் பாக்கணுமே, அச்சுல அடிச்ச மாதிரி இருக்கும். லிஸ்ட்டுல அவ பதினோராவது பேரு. அவருக்கு அம்புட்டு நிச்சயம், எப்படியும் வந்துரும்னு.

வார்டன் அவளுக்கு எங்க ரூமுலதான் எட்டாவது பாயைப் போட்டாங்க. எனக்குப் பாத்த உடனே பிடிச்சுப் போச்சு. கால் தரையில பாவாம நடப்பா. இவ ஆடுனா எப்படி இருக்கும்னு அப்பவே கணக்குப் போட்டுட்டேன். ஆனா ரூல் ரூல்தான? எஸ்கலினை விட்டுச் சொல்லச் சொன்னேன், லெட்டரை எழுதிக் குடுத்துட்டு வந்து சேரட்டும்னு. மாட்டேன்னுட்டா! ‘விளையாட்டுக்குக்கூட அப்படி எழுத மாட்டேன், எங்கப்பா கேள்விப்பட்டா செத்துருவாங்க’ன்னாளாம். பாரேன், பதினேழு வயசுல எம்புட்டுத் திமிரு!

சரி, இருந்து பாருன்னு விட்டுட்டோம். நாங்க ஒண்ணும் பண்ணல. ஒரு அடி அடிச்சோமா, ஒரு வார்த்தை வஞ்சோமா? பேசல. அவ்வளவுதான். ஏழாம் ரூம் பேசலன்னா எந்த ரூமும் பேசாது. அவ வாளி வரிசையில நிக்காது, முக்காவாசி நாள் மூஞ்சியை மட்டும் கழுவிட்டு கிளாஸுக்குப் போவா. மெஸ்ஸுல அவ வந்து உக்காந்தா, பெஞ்சுல உள்ள அத்தனை பேரும் தட்டைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிருவோம். ஒரே சிரிப்பா இருக்கும், போ. அப்புறம் அவளே நின்னுக்கிட்டுச் சாப்பிடப் பழகிட்டா. பாயை எங்க விரிச்சாலும் ரெண்டு முழம் தள்ளிப் படுப்போம். ஒண்ணரை மாசம் இப்படி.

ஆவணியில அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் பாயைச் சுருட்டல. வார்டன் ஊருக்குப் போயிருந்தாங்க. ஒரு மத்தியானம் நாங்க எல்லாரும் ரூமுல இருக்கோம், ‘யாராவது கொஞ்சம் தண்ணி தாங்க’ன்னு கேட்டா. எனக்கு மனசு கிடந்து அடிச்சுது, உன்கிட்ட பொய் சொல்லுவானேன். ஆனா ஒருத்திக்காக ரூலை உடைச்சா அப்புறம் செட்டு நிக்குமா? எஸ்கலின் செம்பை எடுக்கப் போனா. நான் ஒரு பார்வை பாத்தேன், வச்சுட்டா.

நாலாம் நாள் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு என் முன்னால வந்து நின்னா. ‘அக்கா, என்ன எழுதணும்?’னா.

நான் சொல்லச் சொல்ல எழுதுனா. அந்தக் காய்ச்சலுலயும் ஒரு எழுத்து கோணிப் போகல. ‘விளையாட்டுக்குத்தானக்கா?’ன்னா. ‘ஆமா பிள்ள’ன்னேன். ‘சத்தியமா?’ ‘சத்தியமா.’ அம்புட்டுத்தான், எஸ்கலின் ஓடிப்போயி கஞ்சி கொண்டாந்தா, ஒருத்தி உடம்பு தொடச்சு விட்டா, நான் நெத்தியில தைலம் தேச்சேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா பாரு ஒரு அழுகை! கையை விடவே இல்ல. எங்க அம்மைக்குக்கூட என் மேல அம்புட்டுப் பாசம் கிடையாது.

அதுக்கப்புறம் ஒரு மூணு வாரம். அந்த மூணு வாரத்தை நினைச்சா இப்பவும் எனக்கு இனிக்கும். ‘வடிவக்கா வடிவக்கா’ன்னு என் பின்னாலயே சுத்துவா. என் துணியையும் சேத்துத் துவைப்பா. வாளி வைக்க அவதான் போவா, நான் போறேன் நான் போறேன்னு. கோலாட்டத்துக்கு எனக்கு ஜோடி அவதான். சொல்லிக் குடுக்கவே வேண்டாம், ஒரு தடவை பாத்தாப் போதும், கால் தன்னால போகும். இந்த வருசம் எவ சிரிக்கான்னு பாப்போம்னு நான் இருந்தேன்.

புரட்டாசி பொறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மெஸ்ஸுல உக்காந்திருக்கோம், வார்டன் ரூமுல இருந்து ஓடி வாரா. கையில கார்டு. ‘அக்கா! வந்துட்டுக்கா! மெட்ராஸுக்கு வரச் சொல்லிட்டாங்க! இன்னும் பத்து நாள்தான் இருக்கு!’ எல்லாவளும் கட்டிப் பிடிச்சுக் கத்துதாளுக. நானும் கட்டிப் பிடிச்சேன். எனக்கும் சந்தோசம்தான், இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். ஆனா அடுத்த வார்த்தை என்ன சொன்னா தெரியுமா? ‘உங்களை விட்டுட்டு எப்படிக்கா இருப்பேன்’னு ஒரு பேச்சுக்காவது சொன்னாளா? ‘கோலாட்டத்துக்கு என்னக்கா செய்வீங்க’ன்னு கேட்டாளா? என் காதுக்கிட்ட வந்து, ‘அக்கா, அந்த லெட்டரைத் தந்துருங்க, கிழிச்சிருதேன்’னா.

லெட்டராம்! அப்பேர்ப்பட்ட நேரத்துல அவளுக்கு அந்த நினைப்புத்தான். அதுக்கு என்ன அர்த்தம், நீயே சொல்லு. என்னை நம்பலன்னுதான அர்த்தம்? தைலம் தேச்சு விட்ட கை இது. கூடப் பொறந்தவளா நினைச்சவ கிட்ட, ஒரு திருடிகிட்ட கேக்குத மாதிரி கேக்கா. எனக்கு மனசு விட்டுப் போச்சும்மா.

‘அதை அன்னைக்கே கிழிச்சுட்டேன் பிள்ள’ன்னேன். அவ மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாரு. அதைப் பாத்த பொறவுதான் எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறுச்சு.

சாயங்காலம் அவளுக்கு வழியனுப்பு வைக்கணும்னாளுக. சரின்னு நான்தான் பெர்மிஷன் வாங்கிட்டுப் பூ வாங்கப் போனேன். நாலு முழம் பிச்சிப்பூ. போற வழியில கேட்டுக்கு எதுத்தாப்புல தபால் பெட்டி. போட்டுட்டு, பூவை வாங்கிட்டு வந்துட்டேன். நானே அவளுக்குத் தலை பின்னி, நானே வச்சு விட்டேன். ‘உங்களை மாதிரி ஒரு அக்கா எனக்கு எங்கயும் கிடைக்க மாட்டாங்கக்கா’ன்னு காலுல விழுந்தா. நல்லா இருன்னேன்.

ஏன் ஒரு மாதிரி பாக்க? காத்து அடிக்குதா? ஜன்னலைச் சாத்திக்க.

போட்டது தப்புன்னே வச்சுக்க. எழுதுனது யாரு? நானா எழுதுனேன்? அதுவும் அந்த ஆபீசுக்கு ஆயிரம் லெட்டர் வரும், எவன் இதையெல்லாம் பிரிச்சுப் பாக்கப் போறான்னுதான் நானும் நினைச்சேன். ஒரு ஆத்திரத்துக்குப் போட்டது. பிரிச்சிருக்கான் பாரேன்!

அப்பனும் மகளும் மெட்ராஸுக்குப் போயிருக்காவ. டாக்டர்ட்ட லீவு சொல்லி, புது வேட்டி கட்டிக்கிட்டு போயிருக்காரு மனுசன். பத்தாவது பேரைக் கூப்பிட்டாவளாம், அடுத்து பன்னெண்டாவது பேரைக் கூப்பிட்டுட்டாவளாம். இவரு பதறிப்போயி உள்ள போயிக் கேட்டா, ‘உங்க பொண்ணுதான சார் வேண்டாம்னு எழுதியிருக்கு’ன்னு லெட்டரை எடுத்து மேசையில வச்சிருக்காங்க. கம்பவுண்டர் அதை எடுத்துப் பாத்துக்கிட்டே நின்னாராம். அவரு கையைப் பிடிச்சுப் பழக்குன எழுத்துல்லா, தெரியாம இருக்குமா? ‘விளையாட்டுக்கு எழுதுனதுப்பா, யாரோ போட்டுட்டாங்க’ன்னு இவ அழுதிருக்கா. யாரு நம்புவா? எனக்கே அவ சொல்லிக் கேக்கும்போது நம்புத மாதிரி இல்ல. ரயிலுல மகளை ஒரு பெஞ்சுல உக்கார வச்சுட்டு அவரு போயி வேற பெஞ்சுல உக்காந்துக்கிட்டாராம். அன்னைக்கு நிறுத்துனாரு அவகிட்ட பேசுததை.

நேரா ஹாஸ்டல் வாசலுக்குக் கொண்டாந்து, பெட்டியை இறக்கி வச்சுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு. ஓடிப்போயி அந்தப் பெட்டியைத் தூக்குனது யாரு? நான். வேற எவளும் வரல. ‘அக்கா, கிழிச்சுட்டேன்னு சொன்னீங்களே’ன்னா. ‘கிழிச்ச ஞாபகந்தான் பிள்ள, எனக்கே ஒண்ணும் ஓடல’ன்னேன். அப்புறம் உள்ள போயி அவ பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டா. ஒரு சண்டை இல்ல, ஒரு சத்தம் இல்ல. நல்ல பிள்ள, அதைச் சொல்லணும். எஸ்கலின்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு வாரம் எங்கூடப் பேசல. பொறவு பேசிட்டா. பேசாம எங்க போவா?

கோலாட்டம் ஆடினோம். மங்கைதான் என் ஜோடி. ஒரு சிக்கு கிடையாது, சடை அப்படிப் பின்னி வந்துச்சு. எங்களுக்குத்தான் முதல் பரிசு. போட்டோ இருக்கு, போனுல ஏத்தி வச்சிருக்கேன். இந்தா பாரு. நடுவுல நிக்கது நான். பக்கத்துல அவ. எட்டுப் பேருல எவ சிரிக்கலன்னு பாரு. போட்டோக்காரன் மூணு தடவை சொன்னான், ‘சிரிம்மா சிரிம்மா’ன்னு. கெடுத்துட்டா.

ஒரே ஒரு தடவைதான் அவ அந்தப் பேச்சை எடுத்தது. நான் படிப்பை முடிச்சுட்டுப் போற அன்னைக்கு, பஸ் ஏத்தி விட வந்தவ கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘அக்கா, எங்கப்பாவுக்கு ஒரு லெட்டர் போடுங்கக்கா. யாரு போட்டாங்கன்னு சொல்ல வேண்டாம். விளையாட்டுக்கு எழுதுனது, அவ போடல, அது மட்டும் எழுதுங்க. அவரு எங்கூடப் பேச மாட்டேங்காருக்கா’ன்னா. ‘எழுதுதேன் பிள்ள’ன்னேன். எழுதணும்னுதான் இருந்தேன். அடுத்த தையில கல்யாணம், அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணா மூணு பிள்ளைக. எனக்கு மூச்சு விட நேரம் இருந்துச்சா?

இப்ப என் மக்க எல்லாம் கரையேறிட்டு. திடீர்னு ஒரு ஆசை, ஏழாம் ரூம் செட்டைத் திரும்பக் கூட்டணும்னு. இருபத்தஞ்சு வருசம் ஆச்சுல்லா? அலைஞ்சு திரிஞ்சு எல்லாரையும் பிடிச்சுட்டேன். அடுத்த மாசம் திருநவேலியில ஒரு ஹால் சொல்லியாச்சு. எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி சேலை எடுத்தாச்சு, அரக்குல. மங்கை அட்ரஸை எஸ்கலின்தான் குடுத்தா. குடுத்துட்டு, ‘அங்க மட்டும் போகாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்’னா. அவளுக்கு என்னைக்கும் நல்லது பிடிக்காது.

இன்னைக்குக் காலையில போயி இறங்கினேன். சின்ன வீடு. ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சரா இருக்கா. கல்யாணம் கட்டல. தலை பாதி நரைச்சுட்டு, டை அடிக்கலாம்லா? கதவைத் திறந்தவ அப்படியே நின்னா. ‘என்னட்டி, வடிவக்காவைத் தெரியலயா?’ன்னேன். ‘தெரியுதுக்கா, வாங்க’ன்னா. முன் ரூமுலயே கட்டில். கம்பவுண்டர் படுத்திருக்காரு. ஆளு வத்தலாப் போயிட்டாரு. மூச்சு வாங்குது. இனி நாள் கணக்குத்தானாம்.

வீட்டுல ரெண்டே பேருதான். ஆனா அந்தக் கூத்தைக் கேளு. மக பக்கத்துலயே நிக்கா, அவரு என்னைப் பாத்து, ‘வந்தவங்களுக்குக் காப்பி போடச் சொல்லும்மா’ங்காரு. மகட்ட இல்ல, எங்கிட்ட! பீத்துணி அலசுதவ அவ, சோறு ஊட்டுதவ அவ, அவகிட்ட இன்னும் பேச்சு கிடையாது. பால்காரன் வந்தா பால்காரன்ட்ட சொல்லுவாராம், மருந்து வேணும்னு. அவ அடுப்படிக்குப் போனா.

போனதும் அவரு கையைக் காட்டிக் கிட்ட கூப்பிட்டாரு. ‘நீ அந்த ஹாஸ்டல்ல அவ கூட இருந்த பிள்ளையா?’ன்னாரு. ‘ஆமா பெரியப்பா, ஒரே ரூம்’னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘தாயி, நீ ஒண்ணு சொல்லணும் எனக்கு. அன்னைக்கு ரயிலுல அழுதா. விளையாட்டுக்கு எழுதுனேன், யாரோ போட்டுட்டாங்கன்னா. நான் நம்பல. வீம்பா இருந்துட்டேன். இப்ப போற நேரத்துல, அது நிசமா இருக்குமோன்னு நெஞ்சுக்குள்ள கிடந்து அறுக்குது. நீ கூட இருந்தவ. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவளைக் கூப்பிட்டு ஒரு தடவை பேசிட்டுப் போயிருதேன்.’

நான் நிமிந்து பாக்கேன், அவ அடுப்படி வாசல்ல காப்பித் தம்ளரோட நிக்கா. எல்லாத்தையும் கேட்டுட்டா. என்னையே பாக்கா.

ஆமான்னு சொல்லிரலாம்தான். ஒரு வார்த்தைதான. ஆனா அடுத்து என்ன கேப்பாரு? போட்டது யாருன்னு கேப்பாரு. நல்ல காரியத்துக்குத் தாம்பாளத்தோட போன இடத்துல எனக்கு எதுக்கு அந்த வம்பு? அதுவும் போக, சாகப் போற மனுசன்ட்ட போயி, ‘பெத்த மகளை இருபத்தஞ்சு வருசம் சும்மா தண்டிச்சுட்டீங்க’ன்னு எந்த வாயால சொல்ல? அப்பமே உயிரு போயிருமே. பாவம்லா? அவரு நல்லதுக்குத்தான் சொன்னேன். மங்கையையும் நான் விட்டுக் குடுக்கல, பெருமையாத்தான் சொன்னேன்.

‘இல்ல பெரியப்பா, யாரும் போடல. அவளேதான் எழுதி, அவளேதான் போட்டா. எங்களை விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வரல. எங்க மேல அம்புட்டுப் பாசம்’னேன்.

கையை விட்டுட்டாரு. அப்புறம் கழுத்தைத் திருப்பி, அவளைப் பாத்து, அவகிட்டயே சொன்னாரு. ‘இனி உன் கையால எனக்கு ஒரு வாய் தண்ணி வேண்டாம்.’

கவனிச்சியா? அவகிட்டயே பேசுனாரு! இருபத்தஞ்சு வருசம் கழிச்சு, மக மூஞ்சியைப் பாத்து, வாயைத் திறந்து பேசிட்டாரு. யாராலம்மா? நான் போயி உக்காந்த அஞ்சு நிமிசத்துல நடந்துச்சு. என்ன சொன்னா என்ன, பேசிட்டாருல்லா? அவ அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டது இதைத்தான?

அந்த நன்றி வேண்டாம்? எனக்குன்னு போட்ட காப்பியை அப்படியே உள்ள கொண்டு போயி அங்கணத்துல கொட்டுனா. தம்ளரைக் கழுவிக் கவுத்துனா. வந்து என் தாம்பாளத்தை எடுத்து என் கையில குடுத்து, வாசல் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா. ‘வாரேன் பிள்ள, அடுத்த மாசம் கண்டிப்பா வந்துரணும்’னேன், அப்பவும் நான் விட்டுக் குடுக்காமத்தான் சொன்னேன். காலையில இருந்து வெறும் வயித்தோட போயிருக்கேன்மா அவ வீட்டுக்கு. ஒரு வாய் காப்பி குடுக்கல.